ஆலைப் புகையும் பௌதிகப் பாடமும்

மும்பை மாநகரின் துறைமுக இரயில் பாதையில், சிவ்ரிக்கு வடக்கே அமைந்திருப்பது வடாலா. அதன் கிழக்கே கடற்கழியும், உப்பளங்கள் பரந்து கிடந்த தாழ்நிலமும் உள்ளன. மேற்கே மாட்டுங்காவின் கல்லூரிகள். வடக்கே சயான், தாராவி. அவற்றுக்கு அப்பால் செம்பூர். தமிழ் மக்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் வட்டாரம் இது. ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் இவ்வட்டாரத் தமிழ் மாணவர் பலர் கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதிக்கின்றனர். அவர்கள் கையில் ஏறும் நூல்களுள் மிகுந்த அச்சத்தை விளைவிப்பது, இயற்பியல் என்று இன்று வழங்கும் பௌதிகமே ஆகும்.

அந்நூல் கல் விழுவதில் தொடங்குகிறது. விசை, வேலை, ஆற்றல் என்று வளர்கிறது. வெப்பத்திலும் நீராவி யந்திரத்திலும் சென்று முடிகிறது. இந்த வரிசையை வகுத்தவர் யார்? கல்லுக்கும் கொதிநீருக்கும் என்ன உறவு? இக்கல்வி நம் வட்டாரத்துக்கு எப்போது, எதன்பொருட்டு வந்தது? தமிழ் வீட்டுப் பிள்ளை இதனை எந்த மொழியில் சிந்திப்பது? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையைச் சிறிது நோக்குவோம்.

இத்தாலியப் பேரறிஞர் கலிலியோ, சாய்தளத்தில் குண்டை உருட்டி நேரத்தையும் தொலைவையும் அளந்து, தாம் கண்ட முடிவுகளை 1638-இல் நூலாக வெளியிட்டார். நேரம் இரு மடங்கானால் தொலைவு நான்கு மடங்காகிறது என்பது அவர் கண்ட உண்மை. 1687-இல் நியூட்டன் தம் பெருநூலில் இயக்க விதிகள் மூன்றையும் நிறுவினார். கல்லூரிப் புத்தகத்தின் முற்பகுதி ஏறத்தாழ இவ்விருவரின் செல்வமே எனலாம்.

ஆனால் பிற்பகுதியின் பிறப்பு வேறு. அது அறிஞரின் மேசையில் மட்டும் பிறந்ததன்று. சுரங்க வாயிலிலும் பட்டறையிலும் பிறந்தது. சுரங்கத்து நீரை இறைப்பதற்காக 1712-இல் இங்கிலாந்தில் நியூகமன் நீராவி யந்திரம் ஒன்றை நிறுவினார். அது நிலக்கரியை அளவின்றி விழுங்கியது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட், நீராவியைத் தனிக் கலத்தில் குளிரச் செய்தால் எரிபொருள் மிகவும் மிச்சமாகும் என்று கண்டு, 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இந்த யந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்பதே வாங்குவோருக்குப் புரியும் அளவாயிருந்தது. அதனாலேயே குதிரைத்திறன் என்னும் அலகு நிலைபெற்றது.

1824-இல் பிரெஞ்சு நாட்டில் சாடி கார்னோ என்னும் இருபத்தெட்டு வயது இளைஞர் அதற்கும் ஆழமான வினா ஒன்றை எழுப்பினார்: நெருப்பிலிருந்து பெறக்கூடிய வேலைக்கு எல்லை உண்டா? உண்டு என்பதே அவர் கண்ட விடை. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினால்தான் சக்கரம் சுழலும். அவ்வாறே வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கினால்தான் யந்திரம் ஓடும். அவ்விரு வெப்பநிலைகளே எல்லையை வகுக்கின்றன. கொதிகலத்தின் வெப்பநிலை 150 டிகிரி, குளிர்கலத்தின் வெப்பநிலை 40 டிகிரி என்று கொண்டால், எவ்வளவு திறமையாக யந்திரம் செய்தாலும் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாகாது. பழைய யந்திரங்களில் கிடைத்தது அதனினும் குறைவு. எஞ்சிய வெப்பம் குளிர்நீரிலும் புகைபோக்கியிலும் கழிந்தது.

அக்காலத்தில் வெப்பம் என்பது ஒருவகை நுண்ணிய பாய்பொருள் என்றே பலர் கருதினர். 1798-இல் ரம்ஃபோர்டு பிரபு, மியூனிக் நகரில் பீரங்கி துளைக்கும்போது ஓயாமல் வெப்பம் எழுவதைக் கண்டு அக்கருத்தை ஐயுற்றார். இறுதியில் அதனை வீழ்த்தியவர்களுள் முதன்மையானவர், மான்செஸ்டர் பகுதியில் மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜூல் என்பவர். எடைக்கல் ஒன்றைக் கயிற்றில் கட்டி மெல்ல இறங்கவிட்டார். அது இறங்கும்போது நீருக்குள் துடுப்புச் சக்கரம் சுழன்றது. நீர் சிறிதளவு சூடேறியது. எவ்வளவு இறக்கத்துக்கு எவ்வளவு சூடு என்பதை 1845 முதல் 1850 வரை மீண்டும் மீண்டும் அளந்தார். வேலையும் வெப்பமும் ஒரே நாணயத்தால் அளக்கத்தக்கவை என்பது உறுதியாயிற்று. இதன்மேல் கெல்வினும் கிளாசியசும் 1850-ஆம் ஆண்டையொட்டி வெப்ப இயக்கவியலைக் கட்டியெழுப்பினர்.

நேயர்களே, ஜூல் செய்த சோதனையைச் சற்று ஊன்றி நோக்குங்கள். ஒரு கல் கீழே விழுகிறது. அதனால் நீர் சூடேறுகிறது. புத்தகத்தின் முதற்பகுதியையும் இறுதிப்பகுதியையும் இணைக்கும் பாலம் இதுவே அன்றோ! இப்பாலத்தைக் காணாத மாணவனுக்கு இயக்கவியல் ஒரு பாடம், வெப்பம் மற்றொரு பாடம். இரண்டிலும் சூத்திரங்களே மிஞ்சும். கண்டவனுக்கோ இரண்டும் ஒரே கதையின் முன்னும் பின்னும் ஆகும். வெப்ப இயக்கவியல் என்னும் தமிழ்ப் பெயரும் இவ்வுறவைத் தன்னுள்ளேயே தாங்கி நிற்கிறது.

இனி, பம்பாய்க்கு வருவோம். மான்செஸ்டரில் நெய்த துணிக்குப் போட்டியாக 1854-இல் பம்பாயில் நூற்பு ஆலை ஒன்று நிறுவப்பட்டது. நிறுவியவர் காவஸ்ஜி தாவர். அதற்கு முந்தைய ஆண்டில், 1853 ஏப்ரல் 16-ஆம் நாள், பம்பாயிலிருந்து தாணாவுக்கு நீராவி இரயில் ஓடியது. இவற்றுக்கும் முன்னரே, கப்பல் கட்டும் பார்சி குடும்பத்தில் தோன்றிய அர்தேசிர் கர்சேட்ஜி வாடியா, நீராவி யந்திரக் கலையில் தேர்ந்து, 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பம்பாய்ப் பல்கலைக்கழகம் தோன்றியதோ 1857-இல்தான். ஆகவே இந்நகரம் நீராவியை ஏட்டில் கற்பதற்கு முன்பே கையால் கற்றது எனலாம்.

பரேல், லால்பாக் பகுதிகளில் ஆலைகள் பெருகின. யந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் அறிந்தவர் தேவைப்பட்டனர். அத்தேவையை நிறைவேற்ற 1887-இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் பைகல்லாவில் தொடங்கப்பெற்றது. 1923-இல் அது மாட்டுங்காவுக்குப் பெயர்ந்தது. 1997 முதல் வீரமாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்கி நிற்கும் அக்கழகம், வடாலாவாசிகளுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. நம் வட்டாரத்துக்குப் பௌதிகம் வந்த வழி இதுவே. ஆலைப் புகை முன்னே வந்தது, பாடம் அதன் பின்னே வந்தது.

அவ்வாறு கழகம் பெயர்ந்து வந்த மாட்டுங்காவும் வடாலாவும் அப்போது புதிதாக உருவாகிக்கொண்டிருந்தன. 1896-இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின், நகரைச் சீர்திருத்த 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் தெருக்களும் திடல்களும் வகுத்தது. அலுவலக எழுத்தர்களாக வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. அவர்கள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று பள்ளி அமைத்தது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தோன்றியது. அதன் கல்லூரி 1960-இல் சயானில் எழுந்தது. 1937-இல் ரூயியா கல்லூரியும் கால்சா கல்லூரியும் மாட்டுங்காவில் திறக்கப்பட்டன. எழுத்தரின் மகன் பௌதிகம் பயிலும் காலம் இவ்வாறு பிறந்தது.

வேலையும் ஆற்றலும் இவ்வட்டாரத்தில் கண்கூடாகவே விளங்கின. 1915-இல் டாட்டா நிறுவனத்தார் கோபோலியில் நீர்மின் நிலையம் அமைத்தனர். லோனாவாலா மலைமேல் தேக்கிய நீர், குழாய்வழியே ஏறத்தாழ 500 மீட்டர் இறங்கிச் சக்கரங்களைச் சுழற்ற, அம்மின்சாரத்தால் பம்பாய் ஆலைகள் இயங்கத் தொடங்கின. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார இரயில் ஓடியது. அது துறைமுகப் பாதையில் வடாலா வழியாகவே சென்றது.

இங்கே சிறு கணக்கு ஒன்று. ஒரு கிலோ நீர் 500 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 4,900 ஜூல். அது முழுதும் அந்நீரிலேயே வெப்பமாகத் தங்கினால் வெப்பநிலை எவ்வளவு உயரும்? ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவே! மாறாக, தேநீருக்காக 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொணர வேண்டிய ஆற்றல், அந்நீரை 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலைக்கு ஈடாகும். வெப்பத்தில் எவ்வளவு வேலை உறங்குகிறது என்பதும், அதில் சிறு பங்கையேனும் பெற மனிதர் ஏன் இத்துணை பாடுபட்டனர் என்பதும் இதனால் விளங்கும்.

இனி வடாலாவின் உப்பைப் பார்ப்போம். உப்பளத்தில் ஒரு கிலோ கடல்நீர் ஆவியாவதற்குக் கதிரவன் ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் அளிக்க வேண்டும். இவ்வளவு வெப்பம் சென்றும் நீரின் வெப்பநிலை அதற்கேற்ப உயர்வதில்லை. வெப்பம் மறைந்து நிற்கிறது. இதனை 1760-களில் கிளாஸ்கோவில் விளக்கியவர், ஜேம்ஸ் வாட்டின் நண்பரான ஜோசப் பிளாக். அம்மறை வெப்பம் மீண்டும் வெளிப்படுவதைக் காணவும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தாராவியில் விடியுமுன்னே இட்டலி அவிக்கும் தமிழ்க் குடும்பங்களின் கொப்பரையில், நீராவி மாவின்மேல் பட்டு நீராகும்போது வெளிவிடும் வெப்பமே இட்டலியை வேகச் செய்கிறது.

அதே வடாலா உப்பு நாட்டு விடுதலை வரலாற்றிலும் இடம்பெற்றது. 1930 மே, ஜூன் மாதங்களில் ஆயிரக்கணக்கான மக்கள் வடாலா உப்பளத்தில் புகுந்து, தடியடி பட்டும் உப்பை அள்ளினர். அதற்குச் சில வாரங்கள் முன்னர், ஏப்ரல் மாதத்தில், தமிழகத்தில் வேதாரணியத்தை நோக்கி உப்பு யாத்திரை நடத்தியவர் இராஜாஜி. அவர் பெயரை இங்கே எடுத்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. யாத்திரைக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, 1916-இல், சேலத்தில் வழக்கறிஞராயிருந்த அவர், வெங்கடசுப்பையர் என்னும் நண்பருடன் சேர்ந்து, விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு கழகம் நிறுவி இதழும் நடத்தினார். பிற்காலத்தில் அவர் எழுதிய திண்ணை ரசாயனம், அம்முயற்சியின் தொடர்ச்சி என்று கூறத்தகும்.

அவர் இட்ட விதை வளர்ந்தது. 1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த அப்பெரியார், தமிழ்ப் புலவர் மட்டுமல்லர்; இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். அம்மாநாட்டின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938-இல் வெளிவந்தது. அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ் நூல், நரம்பின் நீளத்தையும் ஒலியின் அதிர்வையும் கணக்கிட்டுப் பழந்தமிழ் யாழை ஆராய்ந்தது. 1960-இல் கோவை அரசினர் கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்புகள் தொடங்கின. அதன்பின் கல்லூரிப் பௌதிக நூல்களும் தமிழில் எழுதப்பட்டன. இலங்கையில் பள்ளி மேல்வகுப்புப் பௌதிகம் இன்றும் தமிழில் கற்பிக்கப்படுகிறது.

இச்சொற்களை ஆக்கியோர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். சூடு என்று நாம் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லில் இரண்டு பொருள்கள் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து, உள்ளே சென்ற அளவை வெப்பம் என்றும், எட்டிய படியை வெப்பநிலை என்றும் வழங்கினர். ஜோசப் பிளாக் கிளாஸ்கோவில் செய்ததும் இதே பிரிவினைதான். ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கக் கற்பவன் ஒரு பாடத்தையே கற்றவனாகிறான்.

வேலை என்னும் சொல்லையும் நோக்குக. துறைமுகத்தில் சுமைதொழிலாளி ஒருவர் ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் தாங்கி அசையாமல் அரைமணி நேரம் நிற்கிறார். அவர் உடல் களைக்கிறது. ஆயினும் பௌதிகக் கணக்கில் அவர் மூட்டையின்மேல் செய்த வேலை பூச்சியமே. அதே மூட்டையை ஒன்றரை மீட்டர் உயர்த்தி லாரியில் ஏற்றினால் 735 ஜூல் வேலை செய்தவராகிறார். நம் வழக்கில் உள்ள வேலைக்கும் புத்தகத்தில் உள்ள வேலைக்கும் இடையிலுள்ள இந்த வேற்றுமை, தாய்மொழியில் எண்ணும்போதே உள்ளத்தில் தைக்கிறது. அயல்மொழிச் சொல்லாக மட்டும் கற்பவனுக்கு அது வேற்றுமையாகவே தோன்றுவதில்லை. சூத்திரத்தில் ஓர் எழுத்தாக நின்றுவிடுகிறது.

இதில் இடர்ப்பாடே இல்லை என்று கூறுவதற்கில்லை. தமிழகத்து நூல்களில் பொருளின் அளவாகிய நிறை வேறு, அதனைப் பூமி இழுக்கும் விசையாகிய எடை வேறு. இலங்கை நூல்களிலோ முன்னதைத் திணிவு என்றும், பின்னதையே நிறை என்றும் வழங்குவர். ஆற்றல் என்று நாம் கூறுவதைச் சக்தி என்பர். முடுக்கத்தை ஆர்முடுகல் என்பர். இருவகை நூல்களையும் சேர்த்துப் படிப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே ஒரு கேள்வி எழுவது இயல்பு. கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, தேர்வும் ஆங்கிலத்தில், தெருவில் மராத்தியும் இந்தியும், இவற்றுக்கிடையே தமிழ்க் கலைச்சொல் எதற்கு? நியாயமான கேள்விதான். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்திவருகிறது. அவற்றில் பயின்ற பிள்ளை கல்லூரியில் நுழைந்ததும் ஒரே நாளில் மொழியும் மாறுகிறது, பாடமும் கடினமாகிறது. அப்போது அவன் தடுமாறுவது எதனால்? நியூட்டன் விதி விளங்காமையாலா, வாக்கியம் விளங்காமையாலா? இவ்விரண்டையும் பிரித்தறியாமல், தனக்கு விஞ்ஞானம் வராது என்று அப்பிள்ளை தானே தீர்ப்பளித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவதுதான் பெரிய இழப்பு. அறிவின் குறையன்று, பெயரின் தடையே அது என்று அவனுக்கு எடுத்துக்காட்ட வீட்டிலோ சங்கத்திலோ ஒருவர் இருந்தால் பல வாழ்க்கைகள் திசை மாறும்.

புலம்பெயர்ந்த குடும்பம் விஞ்ஞானத்துக்குத் தடையன்று என்பதற்குச் சர். சி. வி. இராமனின் இளமையே சான்று. 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினக் கல்லூரியில் கணக்கும் பௌதிகமும் கற்பிக்கச் சென்றமையால், தெலுங்கு வழங்கும் அந்நகரில் வளர்ந்தார். தந்தையின் நூல்கள் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராகத் தேறிப் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றவர், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி செய்தார்; பிற்காலத்தில், 1930-இல், நோபல் பரிசு பெற்றார். அவர் பயின்றதெல்லாம் இந்நாட்டிலேயே.

எல்லா வீட்டிலும் பௌதிகப் பேராசிரியர் இருத்தல் இயலாது. ஆனால் பட்டறையில் பணி செய்யும் தந்தை உண்டு. அடுப்பறிந்த தாய் உண்டு. நெம்புகோலையும் கப்பியையும் அன்றாடம் கையாளும் சிற்றப்பனும் மாமனும் உண்டு. பாடநூலின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இவர்களிடம் எடுத்துக்காட்டு இருக்கிறது. மாணவன் ஆங்கில நூலைப் படிக்கட்டும், ஆங்கிலத்திலேயே தேர்வெழுதட்டும். ஆயினும் புதிய சொல் ஒன்று வரும்போதெல்லாம் அதன் தமிழ்ப் பெயரையும் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அன்று கற்றதை மாலையில் வீட்டாரிடம் தமிழில் ஐந்து நிமிடம் எடுத்துரைக்கட்டும். எடுத்துரைக்க முடிந்தால் கற்றான். முடியாவிடின் எந்த இடத்தில் நின்றான் என்பதாவது அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வோர் ஊரிலும் நம்மவர் சங்கம் அமைத்து விழா நடத்துகின்றனர், அது வேண்டியதே. அச்சங்க மண்டபத்தில் வாரம் ஒருநாள் மாலை, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர், முதலாண்டு மாணவருக்குப் பௌதிகப் பாடத்தைத் தமிழில் விளக்கும் ஏற்பாடும் இருத்தல் நன்று. அதற்குக் கரும்பலகை ஒன்றும் சில நாற்காலிகளும் போதும். 1932-இல் மாட்டுங்காவில் பள்ளி தொடங்கிய முன்னோரும் சிறிய அளவிலேயே தொடங்கினர். வரும் கல்வியாண்டிலேனும் இப்பணியை நம் சங்கங்கள் மேற்கொள்ளுமாக.